அரைநேரத்தில் நான் சொன்னது

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நலம்தானே? இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. ஆனாலும் தைலம் தேய்ப்பதை நிறுத்த மாட்டேன் என்கிறாள். வீட்டுக்குள் நுழைந்தால் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. நீ பயிற்சி கொடுக்கும் கால்பந்துப் பிள்ளைகளைப் பற்றி "அஞ்சு மேட்ச் ஆடி அஞ்சும் தோத்தாச்சுப்பா, இந்தப் பிள்ளைங்க தேறாது" என்றாய் பார், அந்த 'தேறாது' எனக்கு என் குரலிலேயே கேட்டது. அது உன் சொல் இல்லை, என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அதற்குச் சாட்சி நம் வீட்டு பீரோவிலேயே இருக்கும் என்று சந்தேகம் வந்தது. மறுநாள் காலையில் உன் பழைய போனைத் தேடி எடுத்தேன்.

பேட்டரி உப்பிப்போய் பின்மூடி பிளந்திருந்தது. நாலு ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். கடைப் பையன் பேட்டரியை மாற்றி, உள்ளே இருந்த வீடியோவை எல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். மொத்தம் 62 துண்டு. டிவியில் சொருகிவிட்டு உட்கார்ந்தேன். முதல் துண்டு ஓட ஆரம்பித்ததுமே அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு ஹாலுக்கு ஓடி வந்தாள். "பாப்பா வந்துட்டாளா?" என்று வாசலைப் பார்த்தாள். உன் குரல் அவ்வளவு சத்தமாக இருந்தது. அப்புறம் டிவியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். தோசை கருகியிருந்தது.

அந்த முதல் துண்டு 2018 அக்டோபர் 26, ஐ-லீக் என்கிற தேசியக் கால்பந்து லீக்கில் சென்னை சிட்டி அணி இந்தியன் ஏரோஸோடு ஆடிய ஆட்டம். நீ கோவையில் இரண்டாம் ஆண்டு. ஹாஸ்டல் தோழிகளை நேரு ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய். ஒருத்தி "இதுல சென்னை எதுடி? இது கோயம்புத்தூர் ஆச்சே" என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். பெயர் சென்னை சிட்டி, ஊர் கோவை, கோல் போடுகிறவர்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள், பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். அன்றைக்கு நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள், பெட்ரோ மான்சி மட்டும் மூன்று போட்டார். ராத்திரி போனில் நீ மான்சி மான்சி என்று பேசியதைக் கேட்டு, யாரோ பையன் விஷயம் என்று அம்மா பயந்துவிட்டாள்.

அந்த வருஷம் அவர்களை யார் கணக்கில் வைத்தார்கள், சொல். அதற்கு முந்தின பருவத்தில் பத்து அணியில் எட்டாவது. இன்னொரு பக்கம் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். எவ்வளவு பழைய கிளப், எவ்வளவு கூட்டம், 2004க்குப் பிறகு தேசிய லீக் ஜெயிக்காத வெறி வேறு. மிசோரத்து ஐசால் ஜெயிக்கவில்லையா என்று நீ வாதாடுவாய். 2017இல் ஐசால் ஜெயித்ததே எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். இருந்தாலும் ஐசாலில் ஊரே பந்தாடுகிற ஊர், நம் பக்கம் அப்படியா என்று நான் மடக்குவேன். மடக்கியதும் ஒரு துண்டில் பதிவாகியிருக்கிறது. எவ்வளவு அலட்சியமாகப் பேசியிருக்கிறேன்!

போகியன்று ஈஸ்ட் பெங்காலோடு கோவையில் ஆட்டம். நீ போகிக்கு ஊருக்கு வராமல் அங்கேயே இருந்தாய். அதற்கு முன்பே அவர்களைக் கொல்கத்தாவிலேயே போய் ஜெயித்தாகிவிட்டது, இங்கேயும் இரண்டுக்கு ஒன்று. நீ ராத்திரி கடைசி வண்டியில் வந்து இறங்கி, விடியற்காலை பொங்கப் பானை வைக்கும்போது நின்றபடியே தூங்கினாய். அம்மா திட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. எட்வின் எப்படி ஆடினான், ரொமாரியோ எப்படி ஓடினான் என்று பானை பொங்கும் வரைக்கும் சொன்னாய். நம் ஊர்ப் பையன்கள் என்று அப்போதுதான் எனக்குள்ளும் கொஞ்சம் ஒட்டியது. மார்ச் மாதம் பஸ் ஓட்டும் வேலைக்கு ரெஸ்ட் போட்டுவிட்டு நானே கிளம்பி வந்ததற்குக் காரணம் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. முந்தின ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸ் அணியிடம் தோற்றிருந்ததால் முடிவு கடைசி நாளுக்கு வந்துவிட்டது. நமக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு, நாம் கோவையில் மினர்வா பஞ்சாபோடு. மினர்வாதான் முந்தின வருஷச் சாம்பியன். நீ இப்போது கோழிக்கோட்டில் இருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த ஊரைத்தான் போனில் திறந்து வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு நிமிஷம் திட்டினாய்.

நாம் உட்கார்ந்து பையை வைப்பதற்குள் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. அரைநேரம் வரைக்கும் அதுவேதான்.

38ஆவது துண்டு அந்த அரைநேரத்தில் எடுத்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு அணைக்க மறந்திருக்கிறாய் போல. என் இடது கையும் வாட்சும் மஞ்சப்பையும் மட்டும்தான் தெரிகிறது. முகம் இல்லை. குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

"இது தேறாது பாப்பா. இப்பக் கிளம்புனா ஈரோட்டு வண்டியப் புடிச்சுரலாம்."

"இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம் இருக்குப்பா."

"முதல் பாதியிலயே தெரியுதே. காலைல எனக்கு முதல் ட்ரிப்."

"நீங்க போங்கப்பா. நான் இருக்கேன்."

அப்புறம் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. என் கை வாட்சைத் திருப்பிப் பார்க்கிறது. மறுபடியும் பார்க்கிறது. பிறகு பையைத் திறந்து, நியூஸ் பேப்பரில் சுற்றியிருந்த தட்டுவடையை எடுத்து உன் பக்கம் நீட்டுகிறது. நீ கடிக்கும் சத்தம் மைக்கில் நொறுங்கிக் கேட்கிறது. அவ்வளவுதான் வீடியோ.

இதை நான் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஏன் தெரியுமா? இத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் கதை வேறு. டெப்போவில், கல்யாண வீட்டில், சித்தப்பா வீட்டுத் திண்ணையில் எல்லா இடத்திலும் என்ன சொன்னேன்? "பாப்பா அழுதுட்டா, கிளம்பலாம்னா. நாந்தான் உக்காரு, ஆட்டம் இன்னும் முடியலன்னு சொன்னேன்." ரிட்டயர்மென்ட் பார்ட்டியில் மைக்கைப் பிடித்துக்கூடச் சொன்னேன். நீ முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாய்.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, நம்பு. சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. பதிவு இல்லாவிட்டால் சாகும் வரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பேன்.

கிளம்பும் புத்தி எனக்குத் தொழிலில் வந்தது. ஏற்காட்டு ரூட்டில் ஓட்டியவனுக்குக் கண் ரோட்டில், காது இன்ஜினில், மனசு கடிகாரத்தில். 20 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறும்போது எந்த வளைவில் எத்தனை மணி என்று எனக்கு மனப்பாடம். ஒரு வளைவில் எதிரே லாரி வந்து நின்றுவிட்டால் போச்சு, ஒண்டிக்கடையில் காத்திருக்கும் சனம் முறைக்கும், திரும்பும் ட்ரிப்பும் தள்ளிப்போகும். இறங்கும்போது இன்னும் மோசம், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்கவேண்டும், அவசரத்துக்கு வேலையில்லை. அதனால் மற்ற இடங்களில் எல்லாம் அவசரப்பட்டுத் தீர்த்துக்கொண்டேன் போல. கல்யாணத்தில் முதல் பந்தி. திருவிழாவில் வாணவேடிக்கைக்கு முன்னாலேயே வீடு. உன் பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு கொடுப்பதற்கு முன்பே உன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, மறுநாள் நீ கோப்பையை ஆபீஸ் ரூமில் போய் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா?

இதில் வேடிக்கை, உனக்குப் பந்து பழக்கம் வந்ததே என் காத்திருப்பு நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ்ஸில் மேலே வருவாய். நான் டீ குடித்து வண்டியைச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் ஏரிப் பக்கம் பையன்களோடு சேர்ந்து ஆட ஆரம்பித்திருப்பாய். பனி இறங்கினால் பந்து தெரியாது, சத்தத்தை வைத்தே ஓடுவீர்கள். நான் ஹாரன் அடித்தால் ஆட்டம் பாதியில் நிற்கும். எத்தனை ஆட்டத்தை அப்படிக் கெடுத்திருப்பேன்.

இரண்டாம் பாதியைப் பற்றி எழுதாமல் விட்டால் அது துரோகம். மூன்று கோல் விழுந்தது, உன் வீடியோவில் ஒன்றுகூட இல்லை! மான்சியின் பெனால்டிக்கு முன் வரிசை முழுக்க எழுந்து நின்றுவிட்டது, திரையில் ஒரு சட்டை முதுகு மட்டும். கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர் அவர், முன்னால் வந்து இரண்டாவதைப் போட்டபோது நீ கோழிக்கோட்டு ஸ்கோரைத் தேடிக்கொண்டிருக்கிறாய். அங்கே முதலில் கோகுலம் முந்தியது, அப்புறம் ஈஸ்ட் பெங்கால் இரண்டு போட்டுத் திரும்பிவிட்டது. அதாவது நாம் சமன் செய்திருந்தால்கூடப் போயிருக்கும், ஜெயித்தே ஆகவேண்டும். கடைசி நேரத்தில் போரா மறுபடியும் ஒன்று. அதில் உன் செருப்பு, என் செருப்பு, சிமெண்ட் படி, கொட்டிக் கிடக்கும் கடலைத் தொலி. மேலே ஒரே இரைச்சல். அந்த இரைச்சலில் ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்துகிறான். யாரடா இவன் என்று பார்த்தால் நான்தான். 43க்கு 42. தமிழ்நாட்டிலிருந்து ஒரு அணி ஐ-லீக்கை வாங்கியது அதுதான் முதல் தடவை.

டிவிக்காரர்கள் எடுத்த பதிவை உன் சித்தப்பா மகன் போனில் காட்டினான். மூன்று கோலும் பளிச்சென்று இருக்கிறது. எனக்கென்னவோ அது வேறு ஆட்டம் மாதிரி இருந்தது.

அந்த அணி இப்போது இல்லை. மான்சி ஜப்பானுக்குப் போனார், எட்வின் சென்னையின் எஃப்சி அணிக்கு, ரொமாரியோ கோவாவுக்கு. 2021-22 பருவத்திலிருந்து ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே கிடையாது. இந்த 62 துண்டையும் அழிக்காமல் வைத்திருந்தாயே, அதற்கு உனக்கு நன்றி சொல்லவேண்டும். ஒரு பிரதி உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் பிள்ளைகளைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. யாரை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் உன் பாடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ரிட்டயர்மென்ட் பார்ட்டியில் நான் அவ்வளவு புளுகியபோது நீ ஏன் திருத்தவில்லை? நேரில் சொல், போனில் வேண்டாம். அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறாள். 38ஆவது துண்டை அவளுக்கு நான் இன்னும் காட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு ஆறாவது ஆட்டம் என்று சொன்னாயே. வெள்ளி ராத்திரி மங்களூர் மெயிலில் சேலத்தில் ஏறினால் காலையில் கோழிக்கோடு. எனக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கால் வலி, வரவில்லை என்கிறாள், ஆனால் தட்டுவடை, முறுக்கு, உனக்குப் பிடித்த எள்ளுருண்டை எல்லாம் கட்டி வைக்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுது, அதற்குத் தகுந்த மாதிரி தட்டுவடை வாங்கவேண்டும். திரும்பி வர டிக்கெட் போடவில்லை. ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும், அப்புறம் உனக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. எந்த நாள் தோதாக இருக்கும் என்று நீயே பார்த்துப் போடு.

அன்புடன்,
அப்பா