விடுதிக்கு அத்திவாரம் போடுமுன்

ஆசிரியருக்கு,

வன்னியில் சுற்றுலாத்துறையை வளர்ப்பது பற்றி இப்போது அடிக்கடி பேச்சு அடிபடுகிறது. பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: விடுதி கட்ட வேண்டும், அதற்குக் கடன் வேண்டும், வெள்ளைக்காரர் வரவேண்டும். ஏ9 வீதியோரக் காணியில் மாடி எழுப்ப யோசிப்பவர்களும், காணி உறுதியோடு வங்கிக்குப் போக இருப்பவர்களும் அதற்கு முன் சில விடயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அறை இந்தத் தொழிலின் ஒரு துண்டு மட்டுமே. மற்றத் துண்டுகள் இல்லாத ஊரில் அறை மட்டும் எழும்பினால் கடன் தவணைதான் மிஞ்சும்.

யார் சுற்றுலாப் பயணி என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. ஐ.நா. சுற்றுலா அமைப்பின் வரையறை சிக்கலானதல்ல. தான் வழக்கமாகப் புழங்கும் இடத்தை விட்டு, ஓராண்டுக்குக் குறைந்த காலத்துக்கு, போகும் இடத்தில் உள்ளவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்வதற்காக அல்லாமல் போகிற எவரும் வருகையாளர். அங்கே ஓர் இரவாவது தங்கினால் அவர் சுற்றுலாப் பயணி. தங்காமல் திரும்பினால் பகல்நேர வருகையாளர். யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் கிளிநொச்சிக்கு வந்துபோகும் ஆசிரியர் இதில் சேரமாட்டார், அவருக்கு அது வழக்கமான வழி. கொழும்பு அலுவலகம் ஒன்று மூன்று நாள் பயிற்சிக்காக முல்லைத்தீவுக்கு அனுப்பும் உத்தியோகத்தர் சேருவார். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வந்து கூடாரம் அடித்துத் தங்கும் குடும்பம் சேரும். கனடாவிலிருந்து வந்து விசுவமடுவில் அம்மம்மா வீட்டில் மூன்று வாரம் நிற்கும் பிள்ளைகளும் சேருவர். வாடகை கொடுத்தார்களா என்பது வரையறையில் இல்லை. தோலின் நிறமும் இல்லை.

இந்தக் கடைசிக் கூட்டத்தைத்தான் நம் திட்டங்கள் காண்பதில்லை. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2024இலும் அந்தத் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. எல்லையில் எடுக்கப்படும் இந்தக் கணக்கில் உள்நாட்டுப் பயணி இல்லை. பதிவுபெற்ற விடுதிகளின் கணக்கில் உறவினர் வீட்டில் தங்குபவர் இல்லை. ஆகவே கடதாசியில் வன்னிக்கு ஆட்களே வருவதில்லை என்பதுபோலத் தெரிகிறது. ஆனால் ஆடி, ஆவணி, மார்கழி மாதங்களில் வான் பிடிப்பதற்கும், மண்டபம் எடுப்பதற்கும், நல்ல இறாலுக்கும் எவ்வளவு போட்டி என்பதை ஊரில் இருப்பவர்கள் அறிவார்கள். அந்தக் குடும்பங்களுக்குத் தேவைப்படுவது நட்சத்திர விடுதியல்ல. வெக்கை தாங்காத பிள்ளைகளுக்குக் குளிரூட்டிய ஒரு சுத்தமான அறை, அறையோடு சேர்ந்த குளியலறை, அம்மம்மா வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம். பிள்ளைகளை ஒரு நாள் எங்காவது கூட்டிப்போய்க் காட்ட ஆங்கிலமோ பிரெஞ்சோ கொஞ்சம் தெரிந்த ஓர் ஆள்.

இனித் துறைகளைப் பார்ப்போம். தங்குமிடம், போக்குவரத்து, உணவு, பார்க்க வேண்டிய இடங்கள், பயண ஏற்பாட்டாளர், வழிகாட்டி, கடை என்று பிரித்துச் சொல்வார்கள். பயணிக்கு இந்தப் பிரிவு தெரியாது. அவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே பயணம். இரவு ரயிலில் மாங்குளத்தில் இறங்குபவருக்கு முல்லைத்தீவு போக வாகனம் இல்லையென்றால், முல்லைத்தீவில் இருக்கும் அறை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. பிழை போக்குவரத்தில், நட்டம் விடுதிக்காரருக்கு. ஆகவே அறை வைத்திருப்பவர் செய்யவேண்டிய முதல் வேலை விளம்பரமல்ல. நிலையத்திலிருந்து ஏற்றிவர நம்பிக்கையான இரண்டு ஓட்டோக்காரரோடு கட்டணம் பேசி, அதைப் பதிவு உறுதி செய்யும் செய்தியிலேயே எழுதிவிட வேண்டும். இறங்கிய இடத்தில் கட்டணத்துக்கு வாக்குவாதப்பட்ட பயணி அடுத்த நாள் அந்த ஊரில் நிற்கமாட்டார்.

நெல்லை மூட்டை கட்டி வைத்து விலை ஏறும்போது விற்கலாம். நேற்றிரவு வெறுமையாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. விடுதிக் கணக்கின் அடிப்படை இதுதான். ஓர் உதாரணம்: இரண்டு அறை, ஓர் இரவுக்கு 5,000 ரூபா. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 45,000 ரூபா போகும் என்று வைப்போம் (கடன் தவணை, துப்புரவு செய்பவரின் சம்பளம், இணையம், மின்சாரத்தின் நிலைக் கட்டணம்). ஆள் வந்தால் சலவை, சோப், காலைச் சாப்பாடு, மேலதிக மின்சாரம் என்று இரவுக்கு 1,200 ரூபா. இணையப் பதிவுத் தளத்தின் தரகு நூற்றுக்கு 15 என்றால் 750 ரூபா. மிஞ்சுவது 3,050. ஆகவே 45,000ஐ ஈடுகட்ட மாதத்தில் 15 அறை இரவுகள் விற்க வேண்டும். இரண்டு அறைக்கு மாதத்தில் 60 இரவுகள் இருப்பதால் இது காற்பங்கு. எல்லாரும் நேரடியாகத் தொலைபேசியில் பதிந்தால் 12 இரவு போதும். கேட்க இலகுவாகத்தான் இருக்கும். ஆனால் மடுவில் ஆவணி (ஓகஸ்ட்) 15ஐ ஒட்டிய நாட்களிலும், வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலன்றும் அறை கேட்டு ஆட்கள் திரும்பிப் போவார்கள். ஐப்பசி மழையில் ஒரு மாதம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பத்து அறைக்குக் கடன் எடுப்பவர்கள் திருவிழாக் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மழை மாதத்தை வைத்துப் போட வேண்டும். இரண்டு அறையோடு, இருக்கும் வீட்டிலேயே தொடங்கி, இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிந்துகொள்வது வன்னிக்குப் பொருத்தமான அளவு. வீட்டுக்காரர் அங்கேயே இருப்பதுதான் இந்த வகையின் பெறுமதி.

பகல்நேர வருகையாளர் பற்றி நம் உள்ளூராட்சி மன்றங்கள் யோசிக்க வேண்டியது அதிகம். தெற்கிலிருந்து ஏ9 வழியாக வடக்கே போகும் சுற்றுலாப் பஸ் ஒன்றை எடுப்போம். 45 பேர். சமைத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள், தண்ணீரும் கொண்டு வருவார்கள். அவர்களுக்கு உடனே தேவைப்படுவது மலசலகூடம். ஓராளுக்கு மூன்று நிமிடம் என்றால் 45 பேருக்கு 135 நிமிடம். இரண்டு கூடம் மட்டும் இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ் நிற்கும். சாரதி அங்கே நிறுத்தவே மாட்டார், பற்றையோரத்தில்தான் நிறுத்துவார். ஆறு கூடம் இருந்தால் 23 நிமிடத்தில் முடியும், அதற்குள் தேநீரும் குடித்துவிடலாம், கடலையும் வாங்கலாம். தண்ணீரையும் கணக்கிடுங்கள். ஓராளுக்கு ஆறு லீற்றர் என்றாலே ஒரு பஸ்ஸுக்கு 270 லீற்றர். மேலே ஏற்றி வைத்திருக்கும் 1,000 லீற்றர்த் தாங்கி நாலாவது பஸ்ஸோடு வற்றிவிடும். அதன்பிறகு வருபவருக்குத் தண்ணீர் இல்லை, கூடம் நாறும், அடுத்த வாரம் பூட்டுப் போடப்படும். திறப்புவிழாக் கண்ட எத்தனையோ பொதுக் கூடங்கள் பூட்டிக் கிடப்பதன் காரணம் கட்டடம் அல்ல, தாங்கியின் அளவும் துப்புரவுக்கு ஆள் வைக்காததும்தான். சிறு கட்டணம் வாங்கி, அதை அங்கேயே நிற்கும் ஒருவரின் சம்பளமாக்கினால் அந்தக் கூடம் நிலைக்கும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு பங்கை ஓர் இரவு நிற்க வைக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கு விடியலிலோ பொழுதுபடும் நேரத்திலோ மட்டும் நடக்கிற ஒன்று வேண்டும். பகல் பதினொரு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகக்கூடிய எதுவும் யாரையும் தங்க வைக்காது. மன்னாரில் இது கையில் இருக்கிறது. வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. கார்த்திகை தொடக்கம் பங்குனி வரை புலம்பெயர் பறவைகள் அங்கே நிற்கும், பூநாரைக் கூட்டங்களும் வரும். பார்ப்பதற்கு நல்ல நேரம் விடியற்காலை. வெயில் ஏறினால் வெப்பக் காற்றில் தொலைநோக்கியில் தெரியும் உருவமே நடுங்கும். ஆகவே முதல்நாள் பின்னேரம் திருக்கேதீச்சரத்தில் கும்பிட்டு, மன்னார்க் கோட்டையும் பள்ளிமுனைப் பெருக்கமரமும் பார்த்து, இரவு மன்னாரில் தங்கி, காலை ஆறு மணிக்கு வங்காலை. பிறகு ஏ32 வீதி வழியாக விடத்தல்தீவு, பூநகரிக் கோட்டை, சங்குப்பிட்டிப் பாலம். அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பூநகரியில் வைத்தால் ஒரே பயணத்தில் இரண்டு ஊர் உழைக்கும்.

இதே இடத்தில்தான் தாங்குதிறன், அதாவது ஓர் இடம் கெடாமல் எவ்வளவு வருகையைத் தாங்கும் என்ற கருத்தும் முக்கியமாகிறது. பூநாரை ஆழமில்லாத நீரில் தலையைக் கவிழ்த்துச் சேற்றை வடித்து உண்ணும். படத்துக்காக யாராவது கிட்டப் போனால், அல்லது ட்ரோன் பறக்கவிட்டால், கூட்டம் முழுவதும் எழும்பும். எழும்பிப் பறப்பதில் செலவாகும் சக்தியை மறுபடி தின்றுதான் ஈட்ட வேண்டும். திரும்பத் திரும்ப நடந்தால் பறவைகள் அந்த இடத்தையே விட்டுவிடும், அதோடு நம் பயணியும் போய்விடுவார். வாகனம் வீதியிலேயே நிற்க வேண்டும். ஈரத் தரவையில் இறக்கினால் சில்லுத் தடம் நெடுங்காலம் மாறாது. வழிகாட்டி கையில் முக்காலியோடு ஒரு நல்ல தொலைநோக்கி இருந்தால் யாரும் கிட்டப் போகக் கேட்கமாட்டார்கள்.

பாதுகாப்பையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உள்ளன. அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் பற்றைக்குள் இறங்க விடக்கூடாது. வாடைக்காலத்தில் முல்லைத்தீவுக் கடல் குளிப்பதற்கு உகந்ததல்ல. அதைக் கடற்கரையில் மூன்று மொழியிலும் எழுதி வைப்பதற்கு ஒரு பலகையும் கொஞ்சம் மையும் போதும்.

காசு எங்கே போகிறது என்பது அடுத்தது. கொழும்பு நிறுவனத்துக்குப் பணம் கட்டி, கொழும்பு வானில், கொழும்பு வழிகாட்டியோடு வந்து, யாழ்ப்பாணத்தில் தங்கிப் போகும் பயணியால் வன்னிக்குக் கிடைப்பது ஒரு செவ்விளநீர்க் காசு. இதைத்தான் கசிவு என்கிறார்கள். பெரிய அளவில் மட்டுமல்ல, காலைத் தட்டிலும் அது நடக்கிறது. பாண், பட்டர், ஜாம், பெட்டிப் பால், சொசேஜ் என்று வைத்தால் அந்தத் தட்டின் காசு பின்னேரமே ஏ9 வழியாகத் தெற்கே போய்விடும். நாட்டரிசிப் புட்டு, குளத்து விரால் குழம்பு, சம்பல், தயிரும் காட்டுத் தேனும், கதலிப்பழம் என்று வைத்தால் நாலைந்து வீடுகளுக்குப் பிரியும். வெளிநாட்டவர் இதைச் சாப்பிடமாட்டார் என்பது நம் பயம் மட்டுமே. உறைப்பை வேறாகக் கிண்ணத்தில் வைத்தால் சரி. திருக்கேதீச்சரத்துக்கு வருபவர்களுக்கு மரக்கறிச் சமையல், அதற்கெனத் தனிப் பாத்திரம் என்று வெளியே எழுதிப் போடுங்கள். குடிநீரைப் போத்தலில் வாங்கி அடுக்குவதைவிட, வடிகட்டிய நீரைப் பெரிய கலனில் வைத்து இலவசமாக நிரப்பிக் கொடுத்தால் செலவும் பிளாஸ்ரிக் குப்பையும் குறையும். வன்னியின் பல கிணறுகளில் நீர் வன்மையானது என்பதால் கேத்தலில் வெள்ளைப் படிவு கட்டும். பயணி அதை அழுக்கு என்று நினைப்பார். வாரம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைத்துக் கழுவினால் போய்விடும்.

வழிகாட்டி விடயத்தைப் பிற்போட முடியாது. அதிகார சபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று உரிமம் கொடுக்கிறது. நம் இளைஞர்களுக்கு உடனே எட்டக்கூடியவை கடைசி இரண்டும். இந்த மண்ணைப் பார்க்க வருகிறவர்களில் பலர் போர் நடந்த இடங்களைப் பார்க்கவே வருகிறார்கள். அந்த இடங்களின் கதையை இங்கே வாழாத ஒருவர், தனக்குத் தெரிந்த ஒரு பக்கத்தை மட்டும், சிரித்துப் படம் எடுக்கும் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டுப் போவது மிகவும் வலிக்கிறது. நினைவிடம் காட்சிப்பொருள் அல்ல. எங்கே பேசாமல் நிற்க வேண்டும், எங்கே படம் எடுக்கக்கூடாது, யாரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பதை அறிந்தவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான். அவர்களுக்கான பயிற்சியைத் தமிழில், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வைத்து நடத்த வேண்டும் என்று மாகாணச் சுற்றுலாப் பணியகத்தையும் உரிய அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு. மடுவில் ஆவணித் திருவிழாவிலும், வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலிலும், பரந்தன், மாங்குளம் சந்திகளில் சாதாரண சனி, ஞாயிறுகளிலும் உயர்தர மாணவர்களைக் கொண்டு ஐந்து கேள்விகள் கேட்டாலே போதும். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை இரவு, எங்கே தங்குகிறீர்கள், இந்த மாவட்டத்துக்குள் இன்று என்ன செலவழித்தீர்கள். ஐந்தாவது கேள்விக்குத் தொகை கேட்டால் மழுப்புவார்கள். சாப்பாடு, வாகனம், காணிக்கை, கடைச் சாமான் என்று பிரித்துக் கேட்டால் சொல்வார்கள். படிவம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஓராண்டு இப்படி எடுத்த கணக்கைப் பிரதேச செயலகத்தின் பலகையில் ஒட்டிவிட்டால், அறை கட்ட நினைப்பவர் அதைப் பார்த்து எத்தனை அறை, எந்த ஊரில் என்று தானே முடிவெடுப்பார்.

இப்படிக்கு,
சுற்றுலாத்துறைப் பயிற்றுநர் ஒருவர்,
கிளிநொச்சி.