உங்கள் செயலி காட்டும் 9 விழுக்காடு ஈவு குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உட்லண்ட்ஸில் வசிக்கும் நான் பல ஆண்டுகளாக உங்கள் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கிறேன். பங்குகளின் ஈவு விழுக்காட்டை, அதாவது ஓராண்டு டிவிடெண்ட் (நிறுவனம் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கு) பங்கு விலையில் எத்தனை விழுக்காடு என்பதை, உங்கள் செயலி காட்டும் விதம் ஆட்களைத் தவறான முடிவு எடுக்க வைக்கிறது. தொலைபேசியில் சொன்னேன், மின்னஞ்சலும் அனுப்பினேன். "அந்த எண் தரவு வழங்குநரிடமிருந்து வருகிறது" என்பதுதான் பதில். அதனால் இப்போது முறையான புகாராகவே எழுதுகிறேன்.

என் அக்கா பணி ஓய்வு பெற்றவர். வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் என்று டிவிடெண்ட் தரும் பங்குகளைத் தேடினார். உங்கள் 'அதிக ஈவு' பட்டியலில் ஒரு நிறுவனம் மேலே இருந்தது. பங்கு விலை 2 வெள்ளி, ஈவு 9 விழுக்காடு. வேறு எந்த விளக்கமும் இல்லை. வாங்கிவிட்டார்.

கடந்த 12 மாதங்களில் அந்த நிறுவனம் பங்குக்கு 18 காசு கொடுத்தது உண்மைதான். ஆனால் வழக்கமான டிவிடெண்ட் இரண்டு தவணையாக வந்த 8 காசு மட்டுமே. மீதி 10 காசு, ஒரு கட்டடத்தை விற்ற பணத்தில் ஒருமுறை மட்டும் கொடுத்த சிறப்பு டிவிடெண்ட். பங்குச் சந்தைக்கு அளித்த அறிவிப்பில் நிறுவனம் இதைத் தெளிவாகப் பிரித்தே சொல்லியிருக்கிறது. நீங்கள்தான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி 2 வெள்ளியால் வகுத்திருக்கிறீர்கள். வழக்கமான 8 காசு தொடர்ந்தால் அக்காவுக்குக் கிடைப்பது 4 விழுக்காடு. 10,000 வெள்ளி போட்டவர் ஆண்டுக்கு 900 வெள்ளி எதிர்பார்க்கிறார், வரப்போவது 400.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எக்ஸ்-டேட் (டிவிடெண்ட் உரிமை இல்லாமல் பங்கு விற்பனையாகத் தொடங்கும் நாள்) அன்றோ அதற்குப் பிறகோ வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது. பெரிய சிறப்பு டிவிடெண்ட் என்றால் அன்று பங்கு விலையும் பொதுவாக அந்த அளவுக்கு இறங்கும். ஆக, அக்கா வாங்கும்போது அந்த 10 காசு போய்விட்டது, விலையும் இறங்கிவிட்டது. உங்கள் கணக்கில் மட்டும் அந்த 10 காசு அப்படியே நின்று, இறங்கிய விலையால் வகுபட்டு, ஈவை இன்னும் உயர்த்திக் காட்டியது. வாங்குபவருக்குக் கிடைக்கவே கிடைக்காத பணத்தை வைத்து ஒரு பங்கைப் பட்டியலின் உச்சியில் நிறுத்துவது நியாயமே இல்லை.

டிவிடெண்ட் வரலாற்றுப் பக்கமும் சரியில்லை. 2024இல் டிபிஎஸ் வங்கி 10 பங்குக்கு 1 போனஸ் பங்கு (பணம் வாங்காமல் தரும் கூடுதல் பங்கு) கொடுத்தது. அதற்கு முந்தைய காலாண்டு டிவிடெண்ட் 54 காசு, போனஸுக்குப் பிறகும் 54 காசு. உங்கள் வரைபடத்தில் மாற்றமே இல்லை. ஆனால் 1,000 பங்கு வைத்திருந்தவரிடம் 1,100 ஆனது, அவருக்குக் கிடைத்த டிவிடெண்ட் தொகையும் 10 விழுக்காடு கூடியது. பழைய எண்ணைச் சுமார் 49 காசாகத் திருத்திக் காட்ட வேண்டாமா? அதேபோல் ஓசிபிசி வங்கியின் டிவிடெண்ட் 2019இல் 53 காசு, 2020இல் 31.8 காசு. கொவிட் காலத்தில் சிங்கப்பூர் நாணய ஆணையம், முந்தைய ஆண்டு டிவிடெண்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் போக வேண்டாம் என்று உள்ளூர் வங்கிகளைக் கேட்டுக்கொண்டதால் வந்த குறைவு அது. 2021இல் மீண்டும் 53 காசு. ஒரு சிறு குறிப்புகூட இல்லாமல் அந்தப் பள்ளத்தை மட்டும் பார்க்கும் புதியவர் என்ன நினைப்பார்?

அமெரிக்கப் பங்குகளுக்கும் முழு ஈவைத்தான் காட்டுகிறீர்கள். சிங்கப்பூர்வாசிகளுக்கு அங்கே டிவிடெண்டில் 30 விழுக்காடு வரி பிடிக்கிறார்கள். உள்ளூர் நிறுவனப் பங்குகளுக்கு அந்தப் பிடித்தம் இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் ஒப்பீடு எப்படிச் சரியாக வரும்?

சிறப்பு டிவிடெண்டைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். ஈவு எந்த 12 மாதக் கணக்கு, எந்த நாள் விலை என்பதை எண்ணுக்குக் கீழேயே போடுங்கள். போனஸ் பங்குக்கு ஏற்பப் பழைய எண்களைத் திருத்துங்கள். இவை முடியும்வரை 'அதிக ஈவு' பட்டியலை எடுத்துவிடுங்கள். தரவு வேறொருவர் தருவதாக இருக்கலாம். ஆனால் செயலியில் உங்கள் பெயர்தான் இருக்கிறது, ஒவ்வொரு வாங்கலுக்கும் தரகுக் கட்டணம் எடுப்பதும் நீங்கள்தான்.

அக்கா கொடுத்த தரகுக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதத்தையும் அன்று செயலித் திரையில் தெரிந்தவற்றின் படங்களையும் இணைத்துள்ளேன். பொறுப்பான அதிகாரி ஒருவரிடமிருந்து எழுத்துபூர்வமான பதில் வேண்டும். அது வராவிட்டால் இருவரும் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் ஃபிட்ரெக் அமைப்பிடம் புகாரைக் கொண்டுசெல்வோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்