காய்ச்சல் வந்தபிறகு அல்ல, அதற்கு முன்பே கூப்பிடுங்கள்

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் அறுவை வார்டில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். அறுவைக்குப் பின் வரும் நிமோனியாவைப் பற்றி எழுதுகிறேன். "மூணாம் நாள், காய்ச்சல், சிஆர்பி ஏறியிருக்கு, நெஞ்சைக் கொஞ்சம் பாருங்க." எங்களுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. (சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்.) போய்ப் பார்த்தால் நோயாளி வயிற்றைப் பிடித்தபடி தொண்டையை மட்டும் லேசாகச் செருமுகிறார். இருமினால் தையல் பிய்ந்துவிடும் என்ற பயம். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமலாம் என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. அதற்குள் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கிவிட்டது.

யாருக்கு நிமோனியா வரக்கூடும் என்பது கேஸ் ஷீட்டிலேயே ஓரளவு தெரிகிறது. வயது அதிகம், புகைப்பழக்கம், ஏற்கெனவே சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், சர்க்கரை நோய். சாப்பிட முடியாமல் மாதக்கணக்கில் எடை குறைந்து ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனவர்களை நான் தனியாகக் குறித்துக்கொள்வேன். இருமுவதற்கும் தசை வேண்டுமே. இரைப்பை முழுவதையும் எடுப்பதாக இருந்தால் கவலை இன்னும் கூடும்.

இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. சிஆர்பி 1930-இல் முதலில் கண்டறியப்பட்டதே நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான். ஆனால் கல்லீரல் எந்தக் காயத்துக்கும் அதைச் சுரக்கும், உங்கள் கத்தி பட்டதற்கும்தான். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்க வேண்டும். மூன்றாம், நான்காம் நாளில் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டி நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும். எங்கே என்று அது சொல்லாது. குடல் இணைப்பில் கசிவு இருந்தாலும் அதே எண்தான் வரும். அதனால் எங்களை அனுப்பிவிட்டு சிடி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். புரோகால்சிட்டோனின் என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை பாக்டீரியா பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கைகாட்டும், ஆனால் பெரிய அறுவைக்குப் பின் அதுவும் சற்று ஏறத்தான் செய்யும். வயதானவர்களுக்கு வெள்ளணுக்கள் ஏறாமலேயே நிமோனியா வந்துவிடுவதும் உண்டு.

எல்லாம் சரி, இந்த எண்கள் எல்லாமே நடந்தபின் வருபவை. 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், மேல்வயிற்று அறுவைக்குப் போகவிருந்த 441 பேரில் ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே அரை மணி நேரம் பிசியோதெரபிஸ்ட் மூச்சுப் பயிற்சியும் இருமலும் சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் சிக்கல் 27 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. மருந்து இல்லை, கருவி இல்லை.

அறுவைப் பட்டியல் போடும் அன்றே பெயர்களை எங்களுக்கும் அனுப்புங்கள். மயக்க மருத்துவரைப் பார்க்க வரும் அதே நாளில் நாங்களும் பார்த்துவிடுகிறோம். மூக்கு வழியாக வயிற்றுக்குள் போட்ட குழாய் தேவையில்லை என்றால் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். நாங்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு வலி மருந்து போடச் சொல்லி எழுதிவையுங்கள். வலியோடு யாரும் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
அறுவை வார்டு பிசியோதெரபிஸ்ட் ஒருவர்