மழை நாளில் விமான எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி அணைக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரத்மலானை விமான நிலையத்தில் சிறு விமானம் வைத்திருக்கும், பறக்கப் பழக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், வணக்கம்.

மழை விடாமல் பெய்கிற கிழமைகளில் ஹாங்கர் என்கிற விமானக் கொட்டகை வாசலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பறக்க முடியாது, எஞ்சினைச் சும்மா போட்டுவைக்கவும் மனம் வராது, ஆகவே யாராவது ஏறி ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு இறங்கிவிடுவார். கவனித்துக்கொண்டோம் என்ற திருப்தி வேறு. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். இப்படித் தரையில் ஓட்டுவது துருவைக் குறைக்காது, கூட்டத்தான் செய்யும் என்று எஞ்சின் செய்கிற லைக்கமிங் நிறுவனமே எழுதிவைத்திருக்கிறது.

காரணம் எளிது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும், ஆனால் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ஒயில் நன்றாகச் சூடானால்தான் அந்த ஈரம் ஆவியாகி, எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாயால் வெளியேறும். பத்து நிமிடத்தில் சிலிண்டர் சூடாகிவிடும், ஒயில் சூடாகாது. அணைத்த பிறகு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், சோற்றுப் பானை மூடியில் கோர்ப்பதுபோல நீர் கோர்த்திருக்கும். அது எரிந்த பெற்றோலின் அமிலங்களோடு சேர்ந்து உள்ளேயே தங்கும்.

முதல் அடி விழுவது வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம்ஷாஃப்டில். செஸ்னா 152, 172 விமானங்களில் பெரும்பாலும் இருக்கிற லைக்கமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது, கீழிருந்து தெறிக்கிற ஒயிலை நம்பித்தான் வாழ்கிறது. நின்றுபோன எஞ்சினில் அந்த ஒயில் வழிந்து இறங்கிவிடும், வெறும் இரும்பு மிஞ்சும், அதன்மேல் துருப்புள்ளி விழும், அப்புறம் கேம் தள்ளுகிற டப்பெட் அந்தப் புள்ளியில் உரசி உரசி மேற்பரப்பே உதிரத் தொடங்கும். ஈரப்பதம் கூடிய இடத்தில், புது எஞ்சின் இரண்டு நாள் ஓடாமல் கிடந்தாலே சிலிண்டர் சுவரில் அரிப்பைக் காணலாம் என்கிறது அதே நிறுவனம். நாமோ கடலுக்குப் பக்கத்தில், உப்புக் காற்றில் இருக்கிறோம்.

அப்போ என்ன செய்வது? பறக்க வேண்டும். 30 நாளைக்கு ஒரு தடவையாவது, ஒயில் 74 முதல் 93 பாகை செல்சியசுக்குள் நிற்க, ஒரு மணித்தியாலமாவது. அவ்காஸ் என்கிற விமானப் பெற்றோலின் விலை எனக்கும் தெரியும்தான், ஆனால் கேம்ஷாஃப்ட் மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும். ஒயில் வெப்பக் காட்டி 82 காட்டினால் தண்ணீர் எப்படி ஆவியாகும் என்று கேட்பவர்களுக்கு: சென்சர் அளப்பது ஒயிலைக் குளிர்விக்கும் கூலரைத் தாண்டி எஞ்சினுக்குள் திரும்பிப் போகிற ஒயிலை, உள்ளே அது இன்னும் சூடாக இருக்கும். காட்டியையும் கண்மூடி நம்பாதீர்கள். சென்சரைக் கழற்றிக் கொதிநீரில் விட்டால் இங்கே, கடல் மட்டத்தில், 100 காட்ட வேண்டும். மறுபக்கம், 118ஐத் தொடவே கூடாது. நம் வெயிலில் ஓடுபாதைக்குக் காத்திருக்கும்போது முள் ஏறிக்கொண்டே போனால் கூலரையும் சிலிண்டரைச் சுற்றிக் காற்றைத் திருப்பிவிடும் பஃபிள் ரப்பர்களையும் பாருங்கள்.

பறக்கவே வழியில்லையா, சரி, ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிரப்பிய பிளக்குகளை சிலிண்டர்களில் மாட்டி, பிரீதரையும் புகைக்குழாயையும் அடைத்து, அடைத்தது தெரிய சிவப்பு நாடா கட்டிவிடுங்கள். புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடும் வழக்கமும் வேண்டாம், ஒட்டியிருக்கிற கொஞ்ச ஒயிலையும் அது துடைத்தெடுத்துவிடும். மணிக்கணக்கு நிறையவில்லை என்று பழைய ஒயிலை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பள்ளி நடத்துகிறவர்களிடம் தனியாக ஒன்று. மழை விட்டதும் எல்லாரும் தங்களுக்குப் பிடித்த விமானத்துக்குத்தான் பெயர் கொடுப்பார்கள். அட்டவணை போடுவது நீங்கள், அதிக நாள் நின்ற விமானத்தை முதலில் அனுப்புங்கள், அதுவும் ஓடுபாதையைச் சுற்றி வெறும் இரண்டு சுற்றுக்கு அல்ல, ஒரு மணித்தியாலமாவது பறந்துவருகிற மாதிரி.