வெள்ளவத்தை ஒழுங்கையொன்றிலிருந்து: குழாயை மாற்றித் தாருங்கள்

எங்கள் பகுதியின் கழிவுநீருக்கும் கட்டட அனுமதிக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

சென்ற வார மழைக்கு எங்கள் ஒழுங்கையில் கழிவுநீர்க் குழியின் மூடி மறுபடியும் கிளம்பிவிட்டது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் முறைப்பாடுகளுக்கென்றே ஒரு தடித்த கோப்பு உங்களிடம் இருக்கும். வழக்கம்போலப் பவுசர் வந்தது, உறிஞ்சியது, போனது. மறுநாள் காலை கறுப்புத் தண்ணீர் பழைய இடத்திலேயே நின்றது.

பவுசர் போதும். குழாயை மாற்றித் தாருங்கள்.

பாடசாலை நாளொன்றில் காலை ஆறரை மணிக்கு நீங்கள் இங்கே வந்து பார்க்கவேண்டும். பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு வாசலில் நிற்பார்கள். காலில் ரப்பர் செருப்பு. சப்பாத்தும் காலுறையும் முடிச்சுப் போட்ட சொப்பிங் பைக்குள். யாரோ போட்டுவைத்த சீமெந்துக் கற்களில் ஒவ்வொன்றாகக் கால்வைத்துக் காலி வீதி வரை போவார்கள். அங்கே மூலைக் கடைக்காரர் ஒரு வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறார். கால் கழுவி, துடைத்து, சப்பாத்து மாட்டி, செருப்பைக் கடை வாங்கின் கீழே தள்ளிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். சென்ற வாரம் ஒரு கல் புரண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளையொன்று புத்தகப் பையோடு அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அன்று அவளுக்குத் தவணைப் பரீட்சை. தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. குளிக்க வார்த்து, அயல்வீட்டுப் பிள்ளையின் சீருடையை மாட்டி அனுப்பிவைத்தார்.

காரணம் உங்கள் பொறியியலாளர்களுக்குத் தெரியாததல்ல. கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி பிரித்தானியர் காலத்தில் தொடங்கப்பட்டது. எங்கள் ஒழுங்கையில் அன்று இருந்தவை வளவும் மாமரமுமான தனி வீடுகள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து சனம் வந்து சேர, வீடு நின்ற இடங்களில் தொடர்மாடிகள் எழுந்தன. வளவு முழுவதும் சீமெந்து. ஒரு குடும்பம் குளித்த இடத்தில் இன்று இருபது குடும்பங்கள் குளிக்கின்றன, போதாததற்கு மொட்டைமாடி மழைநீரும் சேர்கிறது. குழாய் மட்டும் அதே குழாய். கொழும்பின் கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுசெல்லும் வழிகள் இரண்டு: ஒன்று முகத்துவாரத்தில், மற்றது இதே வெள்ளவத்தையில். ஊரார் கழிவெல்லாம் எங்களைத் தேடி வந்து கடலுக்குப் போகிறது. எங்களுடையதற்கு மட்டும் வாசலைத் தாண்ட வழியில்லை.

இந்த நிலையில்தான் ஒழுங்கையின் நடுவே இன்னொரு பழைய வீட்டை இடித்துத் தகரவேலி அடித்திருக்கிறார்கள். எட்டு மாடியாம். அனுமதியில் கையொப்பமிட்டவர் குழாயின் வரைபடத்தை ஒருதடவையாவது புரட்டிப் பார்த்தாரா?

டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்களும் அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் வந்தார்கள். வந்து, பக்கத்து வீட்டு அம்மாவின் பூச்சாடித் தட்டில் தேங்கியிருந்த நீரைக் கண்டுபிடித்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். டெங்கு நுளம்பு பெரும்பாலும் தெளிந்த நீரில்தான் பெருகும் என்பது எங்களுக்கும் தெரியும். சரி, கழிவுநீரைப் பார்க்க எவர் வருவார்? தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தது. 1987இலேயே அரசியலமைப்பில் தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அந்தச் செய்தி இன்னும் உங்கள் மேசைக்கு வந்து சேரவில்லைப் போலும். கீழ்வீட்டுச் சிங்கள நண்பர் வாசித்துச் சொன்னார், விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டிருக்கிறதாம். அவர் வாசலிலும் அதே தண்ணீர்தான், ஆகையால் வாசித்துவிட்டுச் சிரித்தார். வீட்டுக்குக் கட்டும் சோலைவரியை ஜனவரி முடியுமுன் முழு ஆண்டுக்கும் கட்டினால் பத்து வீதம் குறைக்கிறீர்கள். நாங்களும் வரிசையில் நின்று கட்டுகிறோம். கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று நாங்கள் ஒருநாளும் உங்களுக்கு எழுதியதில்லை.

சூடாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கிவிடும். அதற்குமுன் எங்கள் ஒழுங்கையின் குழாயைப் பெரிதாக மாற்றித் தாருங்கள். மாற்றும்வரை புதிய கட்டடத்துக்கு அதில் இணைப்புக் கொடுக்காதீர்கள். வேலை தொடங்கும் திகதியை எழுத்தில் அறிவியுங்கள், தயவுசெய்து தமிழிலும்.

இப்படிக்கு,
ஒழுங்கைவாசி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6