திருப்பீடத்தின் குருக்களுக்கான துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர்களே, தந்தையரே,

1983 மார்ச் 4. மனாகுவா விமான நிலையத்தில் வெண்தாடிக் குரு ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் முன் முழந்தாளிட்டார். மோதிரத்தை முத்தமிட முயன்றார், திருத்தந்தையின் கை விலகியது. சுட்டுவிரல் உயர்ந்தது. அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது.

அவர் எர்னெஸ்தோ கார்தெனால். கவிஞர், நிகராகுவாவின் பண்பாட்டு அமைச்சர். நற்செய்தியே தம்மை மார்க்சியத்துக்கு அழைத்து வந்தது என்று ஒளிக்காமல் சொன்னவர்.

அந்த நற்செய்தியை அவர் எங்கே வாசித்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். நிகராகுவா ஏரியில் சொலெந்தினாமே என்னும் தீவுக்கூட்டம். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மறையுரை இல்லை. உழவர்களும் மீனவர்களும் வாசகத்தைக் கேட்டு, தாங்களே பொருள் சொன்னார்கள். ஏரோதைப் பற்றிப் பேசினால் சர்வாதிகாரி சொமோசாவின் பெயரும் வந்துவிழும். 1977இல் அந்தத் தீவின் இளைஞர்கள் சிலர் சான் கார்லோஸ் படைமுகாமைத் தாக்கினார்கள். பதிலுக்குத் தேசியக் காவற்படை அந்தச் சமூகத்தையே அழித்தது. துப்பாக்கியை நியாயப்படுத்திய குருவோடு என்னால் உடன்பட முடியவில்லை. குருக்கள் அரசுப் பதவி வகிக்கக்கூடாது என்ற திருச்சபைச் சட்டத்தையும் மதிக்கிறேன். அமைச்சராகிவிட்ட குரு, அரசின் தவறுகளுக்கும் சேர்த்தே பொறுப்பேற்க வேண்டும்.

அமைச்சர் பதவியை விடாததால் கார்தெனாலுக்குக் குருத்துவப் பணித்தடை விதிக்கப்பட்டது. ஆனால் 1980களின் முடிவுக்குள் அவர் அமைச்சராக இல்லை. 1994இல், சொமோசாவை வீழ்த்தி ஆட்சிக்கு வந்த சாண்டினிஸ்டா முன்னணிக் கட்சியிலிருந்தே விலகி, அதன் தலைவர் ஓர்த்தேகாவை வெளிப்படையாக எதிர்த்தார். தடைக்கான காரணம் தீர்ந்த பிறகும் கால் நூற்றாண்டு அவர் திருப்பலி நிறைவேற்ற முடியாமல் இருந்தது ஏன்?

அவர் கேட்கவில்லையே என்று நீங்கள் சொல்லக்கூடும். ஊதாரி மைந்தன் வாய் திறக்கும் முன்பே தந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார் என்றுதான் லூக்கா எழுதுகிறார்.

2019 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் தடையை நீக்கினார். அப்போது கார்தெனாலுக்கு வயது 94. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். துணை ஆயர் சில்வியோ பாயெஸ் கட்டிலருகே முழந்தாளிட்டு அவரிடம் ஆசி கேட்டார். அடுத்த ஆண்டு மார்ச் 1இல் கார்தெனால் இறந்தார். மனாகுவா பேராலயத்தில் இறுதித் திருப்பலி நடந்தபோது, ஓர்த்தேகாவின் ஆதரவாளர்கள் உள்ளே புகுந்து "துரோகி" என்று கத்தினார்கள். ஒரு காலத்தில் அவருக்காகக் கைதட்டிய கட்சிதான்.

என் வேண்டுகோள் ஒன்றே. பணித்தடை பெற்ற ஒவ்வொரு குருவின் கோப்பையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீங்களாகவே எடுத்துப் பாருங்கள். காரணம் நீங்கியிருந்தால் அவருடைய விண்ணப்பத்துக்காகக் காத்திருக்காதீர்கள். கிண்ணத்தைத் தூக்கக் கையில் வலு இருக்கும்போதே அவரைப் பீடத்துக்கு அழையுங்கள்.

கிறிஸ்துவில் அன்புடன்,
ஒரு தமிழ்க் கத்தோலிக்கப் பொதுநிலையினர்