கொரோலியோவ் பலகையில் பிர்ச் மரக் குச்சிக்கும் இடம் கொடுங்கள்

கோளரங்கங்களிலும் அறிவியல் மையங்களிலும் விண்வெளி வரலாற்றுப் பகுதியை அமைப்பவர்களுக்கு,

வணக்கம். சோவியத் ராக்கெட்டுகளின் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலியோவுக்குப் பலகை எழுதும்போது ‘பெயர் மறைக்கப்பட்ட மேதை’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல். பெயரை மறைத்தது சோவியத் அரசு. அவர் செய்த வேலையில் மர்மம் ஏதுமில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் உண்டு, அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம்.

அவர் குழு உருவாக்கிய, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையான ஆர்-7 ராக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கா வரை ஐந்தரை டன் வெடிமுனையைச் சுமக்க வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. அதனால்தான் அது அத்தனை பெரிதானது, உலகின் முதல் செயற்கைக்கோளான 83.6 கிலோ ஸ்புட்னிக் அதற்கு ஒரு பாரமாகவே இல்லை. அவ்வளவு விசைக்கு, எரிபொருள் எரியும் அறையான எரியறை பெரிதாக ஒன்று போதுமே என்று தோன்றும். ஆனால் எரியறையைப் பெரிதாக்கினால் எரிதல் நடுங்கத் தொடங்கி, அந்த அதிர்விலேயே சுவர் கிழிந்துவிடும். எஞ்சின் வடிவமைப்பாளர் வாலெந்தின் குளுஷ்கோ அதற்கு ஒரு வழி கண்டார்: எரிபொருளை வேகமாக உள்ளே தள்ளும் டர்போ பம்ப் ஒன்றே, நான்கு சிறிய எரியறைகள். நடுவில் ஒரு ராக்கெட், அதைச் சுற்றி நான்கு பக்க ராக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எஞ்சின் என ஐந்து எஞ்சின்கள். ஆக 20 முதன்மை எரியறைகள், திசைதிருப்ப 12 சிறிய எரியறைகள். மண்ணெண்ணெய் எரிபொருள், அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன்.

காற்றில்லா உயரத்தில் எஞ்சினைப் பற்றவைக்க முடியுமா என்ற உறுதி அன்று யாருக்கும் இல்லை. ஆகவே ஐந்தையும் தரையிலேயே பற்றவைத்தார்கள். எப்படி என்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுங்கள். பிர்ச் மரத்தில் செய்த, டி எழுத்து வடிவக் குச்சி ஒன்று கீழிருந்து எரியறைக்குள் செருகப்படும். அதன் நுனியில் தீமருந்து, குறுக்கே ஒரு மெல்லிய கம்பி. மருந்து பற்றியதும் கம்பி எரிந்து அறும். எல்லா அறைகளிலும் கம்பி அறுந்த பிறகுதான் எரிபொருள் வால்வுகள் திறக்கும். ஓர் அறையில் பற்றாமல் போனாலும் ராக்கெட் கிளம்பாது. தச்சர் ஒருவரால் ஒரு நாளில் மாதிரி செய்து தர முடியும்.

தோல்விகளையும் எழுதுங்கள். 1957 மே 15 அன்று பறந்த முதல் ஆர்-7இல் ஒரு பக்க ராக்கெட்டின் மண்ணெண்ணெய்க் குழாய் இணைப்பு கசிந்து, வால்பகுதி தீப்பிடித்து, சுமார் 98 விநாடியில் எல்லாம் முடிந்தது. ஜூனில் அடுத்தது கிளம்பவே இல்லை. ஒரு நைட்ரஜன் வால்வைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். ஜூலை 12 அன்று கட்டுப்பாட்டுக் கருவியில் ஷார்ட் சர்க்யூட். ராக்கெட் தன்னைத் தானே சுற்றியதில் பக்க ராக்கெட்டுகள் பிய்ந்து போயின. ஆகஸ்ட் 21 அன்று ஒரு ராக்கெட் நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள கம்சட்கா வரை போய்ச் சேர்ந்தது. ஸ்புட்னிக்கை ஏவிய அக்டோபர் 4 அன்றுகூட எல்லாம் சரியாக நடக்கவில்லை. ஒரு பக்க எஞ்சின் விசை பிடிக்கத் தாமதித்தது. எரிபொருளைச் சீராக்கும் கருவி பழுதாகி மண்ணெண்ணெய் சீக்கிரம் தீர, நடு எஞ்சின் ஒரு விநாடி முன்னதாக அணைந்தது. ஸ்புட்னிக்கின் உச்ச உயரம் கணக்கிட்டதைவிடக் குறைந்தது.

இதில் எதுவும் அன்று வெளியே வரவில்லை. பிராவ்தா நாளிதழில் ‘பேராசிரியர் கே. செர்கேயெவ்’ என்ற பெயரில்தான் கொரோலியோவ் எழுதினார், குளுஷ்கோ ‘ஜி. வி. பெட்ரோவிச்’ ஆனார். ஏவுதளம் இருந்தது துராதாமில். வேறெங்கோ வெகுதொலைவில் இருந்த பைக்கனூரின் பெயரை அதற்கு இட்டார்கள். 1966 ஜனவரி 14 அன்று அறுவை சிகிச்சையில் கொரோலியோவ் இறந்த பிறகே, படத்தோடு அவர் பெயர் நாளிதழில் வந்தது. வயது 59. 1938இல் கைதாகி, கைதிகளை அனுப்பிய கொலிமா தங்கச் சுரங்கத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்குப் பற்களைப் பறிகொடுத்தவர், 1944 வரை கைதியாகவே வடிவமைப்புக் கூடங்களில் வேலை பார்த்தவர் என்பதையும் பலகையில் சொல்லுங்கள். அவரைச் சிறையில் தள்ளியதும் இதே அரசுதான்.

தயவுசெய்து அவரைக் குறையற்றவராகவும் காட்டாதீர்கள். நிலவுக்கான என்-1 ராக்கெட்டின் முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். அவற்றை ஒன்றாகத் தரையில் எரித்துப் பார்க்கும் சோதனை மேடையைக் கட்டாமல் விட்டதில், காலமும் பணமும் மிச்சம் என்று முடிவெடுத்த அவருக்கும் பங்குண்டு. எஞ்சின் வால்வுகள் ஒருமுறை மட்டுமே திறக்கக்கூடியவை. அதனால் ஆறு எஞ்சின்களில் இரண்டை எரித்துப் பார்த்து, மற்ற நான்கை நம்பிப் பொருத்தினார்கள். எரிபொருள் விஷயத்தில் குளுஷ்கோவோடு பிணக்கு முற்றி, எஞ்சின் வேலை விமான எஞ்சின் செய்த நிகலாய் குஸ்னெத்சோவிடம் போனது. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. 1969 ஜூலை 3 அன்று ஒரு பம்ப் வெடித்து, ராக்கெட் ஏவுமேடை மீதே விழுந்தது.

பலகையில் ஒரே ஒரு முகம் மட்டும் போதாது. பில்யூகின் வழிகாட்டும் கருவிகள் செய்தார், பார்மின் ஏவுமேடை அமைத்தார், தீகன்ராவவ் ராக்கெட்டுகளைக் கற்றையாகக் கட்டும் யோசனையைத் தந்தார். இவர்கள் பெயர்களும் அன்று மறைக்கப்பட்டவைதான்.

இடம் இல்லையென்றால் ஒரு வழி சொல்கிறோம். 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா ஏறிய சோயூஸ் ராக்கெட் இதே ஆர்-7 குடும்பத்தைச் சேர்ந்தது. அவர் படம் மாட்டியிருக்கும் சுவரிலேயே, படத்துக்குக் கீழே அந்த 32 எரியறைகளின் அடிப்பக்க வரைபடத்தையும் பிர்ச் குச்சியையும் வையுங்கள்.

இப்படிக்கு,
ராக்கெட் வரலாற்றைத் தமிழில் படிப்பவர்கள், எழுதுபவர்கள்